சண்டை விமானச் சிதைவு: தோண்டுவது, காப்பது, காட்சிக்கு வைப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூலூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் பள்ளிக்கூடங்களிலும் ஐ.டி.ஐ.களிலும் இரண்டாம் உலகப்போர் விமானச் சிதைவுகளைப் பற்றிப் படம் போட்டுப் பேசப் போவேன். வேலை பார்த்தது ஃபவுண்டரி ஆய்வகத்தில். உலோகம் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்பதே பிழைப்பு. இந்த ஆர்வமும் அங்கிருந்து வந்ததுதான். பேசி முடித்ததும் வருகிற கேள்விகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அதனால் கேட்டவர் வாய்மொழியிலேயே கேள்வியைப் போட்டுப் பதிலும் எழுதி வைத்துவிட்டேன்.

ஏனுங்க, சிதைவுன்னா என்னத்தைச் சொல்றீங்க? ஓட்டை ஒடைசல் எல்லாமே சிதைவுதானுங்களா?

இங்கே நான் பேசுவது 1939 முதல் 1945 வரை நடந்த போரில் விழுந்தோ, வேறு வழியில்லாமல் இறங்கியோ, அந்த இடத்திலேயே கிடந்துவிட்ட சண்டை விமானங்களை. ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர், கிட்டிஹாக், லைட்னிங் போன்றவை. படைக்கு உழைத்து ஓய்வு பெற்று, கல்லூரி வாசலில் கம்பத்தின் மேல் நிற்கிற ஜெட் விமானம் இந்தக் கணக்கில் வராது.

எங்கே கிடந்தது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். செங்குத்தாகப் பாய்ந்தது என்றால் எஞ்சின் பல அடி ஆழத்தில் புதைந்திருக்கும், தகடு சுக்கல் சுக்கலாக மேலே சிதறியிருக்கும். வயிற்றால் சறுக்கி இறங்கியது என்றால் முக்கால்வாசி முழுதாகவே கிடைக்கும். கடலில் கிடந்தது தனி ரகம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம்ம கோயமுத்தூருக்கும் அந்தச் சண்டைக்கும் என்னங்க சம்பந்தம்?

நிறைய. போர்க்காலத்தில் பீளமேட்டில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்புத் தளம் இருந்தது. தரையில் இருந்தாலும் கப்பலுக்கு வைப்பது போலவே பெயர்: எச்.எம்.எஸ். கருடா. சூலூரில் இருந்தது எச்.எம்.எஸ். வைரி. விமானந்தாங்கிக் கப்பல்களில் பறக்கிற விமானங்களைப் பிரித்து, சரிசெய்து, திருப்பி அனுப்புகிற வேலை. கடல் கண்ணில் படாத ஊரில் கடற்படைத் தளம்! ஜப்பான் பக்கமிருந்து ஆபத்து வந்தால் கரையோரத்தைவிட உள்நாடு பத்திரம் என்பதுதான் கணக்கு.

அதே சூலூர் இன்று இந்திய விமானப்படைத் தளம். தேஜஸ் விமானங்கள் பறக்கிற 45-ஆவது, 18-ஆவது படைப்பிரிவுகள் அங்கே வந்தன. தலைக்கு மேலே இரைச்சல் கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காத ஊர்க்காரர்கள், 80 வருசம் முந்தைய தகட்டைக் காட்டினால் சுற்றி நின்று கேட்கிறார்கள்.

எங்க அப்பாரு சொல்லுவாருங்க, சண்டைக் காலத்துல ஒரு ஏரோப்பிளேன் எங்கூர்க் கெணத்துல விழுந்துச்சாம். தோண்டிப் பாக்கலாமுங்களா?

இந்தக் கதை அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. முதலில் அளவைப் பாருங்கள். ஹரிக்கேனின் இறக்கை இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் 40 அடி. எத்தனை பெரிய கமலைக் கிணறாக இருந்தாலும் இறக்கை வெளியே நிற்கும். நின்றிருந்தால் பட்டாளம் வருவதற்குள் ஊரே வந்து பிரித்திருக்கும். ஏதோ ஒரு வீட்டில் அந்தத் தகடு இன்னும் குதிருக்கு மூடியாகக் கிடக்கும்.

அதற்காகக் கதையை ஒதுக்க வேண்டாம். யார் பார்த்தது, எந்த வருசம், மழைக்காலமா, விமானம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பெரியவர்களிடம் எழுதி வாங்குங்கள். பிறகு ஏட்டோடு ஒப்பிட வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு படைப்பிரிவும் அன்றாடம் எழுதிய நடவடிக்கைப் பதிவேடு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. விபத்து அட்டைகள் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாய்மொழியும் ஏடும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் மண்வெட்டியைப் பற்றிப் பேச்சு.

ஏடு இல்லாமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பர்மா உதாரணம். பெட்டியில் அடைத்த ஸ்பிட்ஃபயர்கள் யாங்கோன் விமான நிலையத்தில் புதைக்கப்பட்டிருக்கின்றன என்று பல ஆண்டு நம்பி, பணம் திரட்டி, 2013-இல் தோண்டினார்கள். ஒன்றுகூட இல்லை. கூடப் போன தொல்லியல் ஆட்கள், அப்படிப் புதைத்ததற்கே ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பழைய இரும்புக்குப் போட்டா எவ்வளவு தேறுமுங்க?

உக்கடம் பழைய இரும்புக் கடைக்காரரே முகம் சுளிப்பார். ஹரிக்கேன் முழுசாக இருந்தாலே வெற்று எடை இரண்டரை டன் சொச்சம்தான். அதில் குழாய்ச் சட்டம், மரம், துணி எல்லாம் கலந்திருக்கும். சிதைவில் கிடைப்பது அதில் ஒரு பங்கு, அதுவும் மண்ணோடு. தகட்டு அலுமினியத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் செம்பு சேர்ந்திருப்பதால் பாத்திரத் தகடு விலைக்கும் போகாது.

போர் முடிந்ததும் எல்லாரும் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். 20,000-க்கு மேல் செய்த ஸ்பிட்ஃபயரில் விழுந்தது போக, மிச்சத்தில் பெரும்பகுதி உலைக்குப் போனது. அமெரிக்கா கடனாகத் தந்த விமானங்களைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் விலை கொடுக்க வேண்டும், இரண்டும் முடியாவிட்டால் அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். புத்தம் புது விமானங்களைக்கூடக் கடலில் தள்ளினார்கள். மிச்சம் அபூர்வமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஜேசிபி ஒண்ணு புடிச்சா அரை நாள்ல எடுத்துடலாமேங்க?

எடுத்துவிடலாம். எடுத்தபின் கையில் இருப்பது வெறும் உலோகக் குவியல். எஞ்சின் எந்தச் சாய்வில் புதைந்தது, இடது இறக்கைத் துண்டு எத்தனை அடி தள்ளிக் கிடந்தது, தகடு வெளியிலிருந்து உள்ளே கிழிந்ததா உள்ளிருந்து வெளியேயா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கடைசி நிமிடத்தைச் சொல்லும். மண்ணைக் கலைத்துவிட்டால் அது போனது போனதுதான்.

முறை இப்படி: முதலில் காந்தமானியை வைத்து வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து அளப்பார்கள். அலுமினியம் காந்தத்துக்குச் சிக்காது, ஆனால் எஞ்சினின் எஃகு அச்சுத்தண்டு ஆழத்திலிருந்தும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, மேல்மண்ணை அடுக்கடுக்காக எடுத்துச் சல்லடையில் சலிப்பார்கள். இயந்திரமே கூடாது என்பதில்லை. எஞ்சின் முக்கால் டன் வரை இருக்கும், தூக்கக் கிரேன் வேண்டும். ஆனால் அது கடைசி நாள் வேலை.

ஈரக் களிமண்ணில் காற்றுப் புகாமல் கிடந்திருந்தால் குழிக்குள் இறங்குவதற்கு முன்பே பெட்ரோல் வாடை வரும், இத்தனை வருசம் கழித்தும். மண் நீலச் சாம்பல் நிறமாக மாறியிருக்கும். அந்த நிறம் தெரிந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கொத்துக் கரண்டியை எடுக்க வேண்டும்.

உள்ள குண்டு கிண்டு இருக்குமுங்களா?

இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். தொடக்ககால ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இறக்கையில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், அவற்றுக்கு நூற்றுக்கணக்கில் .303 ரக ரவைகள். பிந்தைய ஹரிக்கேன் ஒன்றில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள். அதன் குண்டுகளில் பலவற்றுக்குள் வெடிமருந்தே இருக்கும். இவை போக ஆக்சிஜன் உருளை, சைகை வெடி. தன் பக்கத்து விமானம் என்று அடையாளம் காட்டும் வானொலிப் பெட்டிக்குள், எதிரி கையில் சிக்காமல் சிதறட்டும் என்று ஒரு சின்ன வெடிகூட வைத்திருந்தார்கள்.

யாரும் எதிர்பார்க்காதது கடிகார முள்தான். இருட்டில் தெரிய அளவிகளின் எண்களில் ரேடியம் பூச்சு பூசியிருப்பார்கள். இப்போது ஒளிராது, பூச்சிலிருந்த ஒளிரும் பொருள் செத்துவிட்டது. கதிர்வீச்சு மட்டும் அப்படியே இருக்கிறது; ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருசம் ஆகும். உடைந்த அளவியை ஊதித் துடைக்காதீர்கள், பையன்கள் கையில் கொடுக்காதீர்கள்.

தோட்டம் எம்பேர்ல இருக்குது. அப்ப அதுல கெடக்கறதும் என்னுதுதானுங்களே?

இல்லைங்க. படை விமானம் விழுந்த மண் யாருடையதாக இருந்தாலும் விமானம் அந்த அரசின் சொத்துதான் என்பதே பொதுவாக நாடுகள் எடுக்கிற நிலை. பிரிட்டனில் 1986-ஆம் வருசச் சட்டப்படி, அனுமதி வாங்காமல் படை விமானம் விழுந்த இடத்தைத் தோண்டுவதே குற்றம். கடலில் மூழ்கிய தன் படைக்கலங்களுக்கு அமெரிக்கா 2004-இல் தனிச் சட்டம் போட்டது.

நம் நாட்டில் தொல்பொருள் சட்டம் 1972-இல் வந்தது. பொதுவாக 100 வருசம் ஆனால்தான் ஒரு பொருள் தொல்பொருள். இரண்டாம் உலகப்போர் விமானம் இன்னும் அந்த வயதைத் தொடவில்லை. அதற்காகக் கேட்பாரில்லை என்று நினைக்க வேண்டாம். மண்ணில் மறைந்து கிடந்த மதிப்புள்ள பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருசப் புதையல் சட்டம் சொல்கிறது. துப்பாக்கி, ரவை, வெடி என்றால் அதற்கென்று தனித்தனிச் சட்டங்கள். ஆகவே முதல் போன் போலீஸ் ஸ்டேஷனுக்கு. தாசில்தாரும் விமானப்படையும் பிறகு வருவார்கள். ஜேசிபிக்காரர் வரவே வேண்டியதில்லை.

எலும்பு கெடைச்சா என்னங்க பண்றது?

அந்த நொடியே வேலையை நிறுத்த வேண்டும். அதன்பின் அது சிதைவு இல்லை, மயானம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது எல்லாவற்றிலும் கேவலம். பெயர் தெரிவதற்கு முன்பே குடும்பத்துக்குப் படம் போய்ச் சேர்ந்துவிடும்.

காமன்வெல்த் நாட்டு வீரர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பொறுப்பு. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையைப் பராமரிப்பது அவர்கள்தான். ஆசியாவில் பறந்து, கல்லறையே இல்லாமல் போனவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்கா, காணாமற்போன தன் வீரர்களைத் தேட இன்றும் அருணாச்சல மலைகளுக்கு ஆள் அனுப்புகிறது. நம் விமானப்படையின் அன்டோனோவ்-12 போக்குவரத்து விமானம் 1968-இல் 102 பேரோடு ரோத்தாங் பக்கம் காணாமற்போனது. போர்க்காலத்தது இல்லை என்றாலும் சொல்கிறேன், 2024-இல்கூட அந்தப் பனியிலிருந்து நான்கு பேர் உடல் வீட்டுக்கு வந்தது.

தண்ணிக்குள்ள எழுபது வருசம் நல்லாத்தானுங்க கெடந்துச்சு. வெளிய எடுத்ததும் ஏன் பொடியா உதிருது?

எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் பதில் கொஞ்சம் நீளும். விமானத் தகடு சுத்த அலுமினியம் இல்லை. செம்பு சேர்ந்த டியூராலுமின், அதன்மேல் பல ரகங்களில் சுத்த அலுமினியம் மெல்லியதாகப் போர்த்தியிருக்கும். கடல் நீரின் குளோரைடு அந்தப் போர்வையில் ஓட்டை போட்டு உள்ளே நுழையும். நீருக்கடியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அரிப்பு மெதுவாக நடக்கும். காற்று பட்டதும் உள்ளே தங்கிய உப்பு வேலையைத் தொடங்கும். தகடு ஓரத்தில் பரோட்டா பிரிகிற மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும், இடுக்கில் வெள்ளைப் பொடி தள்ளும். நான் பேசப் போகும்போது கொண்டுபோவது கழித்துக் கட்டிய பயிற்சி விமானம் ஒன்றின் தகடு, உள்ளங்கை அகலம். அதில் ரிவிட் எல்லாம் உறுதியாக இருக்கும். ஒரே ஒரு எஃகு போல்ட்டைச் சுற்றி மட்டும் தகடு காணாமல் போயிருக்கும். இரண்டு உலோகம் ஒட்டி நின்று ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும்.

மருந்து, உப்பை வெளியே இழுப்பது. இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டிலிருந்து 2013 ஜூனில் தூக்கிய ஜெர்மன் டார்னியர்-17 இதற்குப் பாடம். அது குண்டுவீச்சு விமானம், ஆனால் உலோகக் கதை ஒன்றே. காஸ்ஃபர்டு விமானப்படை அருங்காட்சியகத்தில் சுரங்கம் போல நீளக் கூடாரம் கட்டி, நீர்த்த சிட்ரிக் அமிலக் கரைசலை அதன்மேல் வருசக்கணக்கில் தெளித்தார்கள்.

நம் ஊரில் செய்வதானால் ஒரு எச்சரிக்கை. ஆயிரம் அடி போர்வெல் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், உப்பை எடுக்கப் போய் உப்பையே ஏற்றுவீர்கள். அயனி நீக்கிய நீர்தான் வேண்டும். மண்ணும் அப்படித்தான்: பி.எச். அளவு நாலிலிருந்து எட்டரைக்குள் இருக்கும்வரை அலுமினியம் தாக்குப்பிடிக்கும். சுண்ணாம்புக்கல் கலந்த காரக் கரிசலில் நிலைமை மோசமாகும்.

நம்மூரு பட்டறையில பஃபிங் போட்டு, ஒடுக்கெடுத்து, பெயிண்ட் அடிச்சா ஜம்முனு ஆயிருமேங்க?

ஆகும். கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று ஒரு பட்டறைக்காரர் உண்மையான ஆசையோடு என்னிடமே சொன்னார். அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பஃபிங் சக்கரம் முதலில் தின்பது பழைய பெயிண்டை. அதனடியில்தான் படைப்பிரிவு எழுத்து இருக்கும், உள்பக்கத்தில் பரிசோதகர் முத்திரை இருக்கும். ஸ்பிட்ஃபயர் துண்டில் சி.பி.ஏ.எஃப். என்ற முத்திரையைப் பார்த்தால் காஸில் பிரோமிச் தொழிற்சாலையில் செய்தது என்று தெரியும். ஒடுக்கெடுத்தால் குண்டு வந்த திசையும் போகும்.

எகிப்துப் பாலைவனத்தில் 1942 ஜூனில் இறங்கிய கிட்டிஹாக் ஒன்றை 70 வருசம் கழித்து, 2012-இல் எண்ணெய்க் கம்பெனி ஊழியர் ஒருவர் பார்த்தார். ஓட்டியவர் 24 வயது டென்னிஸ் காப்பிங். வானொலியைக் கழற்றி வெளியே வைத்திருந்தார். பிறகு எங்கே நடந்தாரோ தெரியவில்லை. வெயில் உரித்த அந்த உலோகத்தில் எல்லாம் தெரிந்தது. எல் அலமைன் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்ப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். இன்று தூரத்திலிருந்து பார்த்தால் பொம்மை விமானம் என்றுதான் சொல்லத் தோன்றும். என் கட்சி இதற்கு நேர் எதிர்: சிதைவைச் சிதைவாகவே வைக்க வேண்டும். லண்டன் ஹென்டன் அருங்காட்சியகத்தில் 1940 ஆகஸ்ட் 31 அன்று விழுந்த ஹரிக்கேன் ஒன்றை அப்படியே, நசுங்கியபடி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பளபளவென்று நிற்கிற விமானம் சொல்லாததை அது சொல்கிறது.

சரிங்க, அதையே பறக்க வைக்க முடியாதுங்களா?

முடிந்திருக்கிறது. கிரீன்லாந்துப் பனியில் 1942 ஜூலையில் இறங்கிய லைட்னிங் ஒன்று, 1992-இல் பனிக்கு 80 மீட்டருக்கும் கீழே கிடைத்தது. சூடேற்றிய குழாயால் பனியை உருக்கிக் கிணறு போல இறங்கி, துண்டு துண்டாக மேலே கொண்டுவந்து, 2002-இல் பறக்கவிட்டார்கள். பிரான்ஸின் கலே கடற்கரையில் 1940-இல் இறங்கி மணலுக்குள் போன ஸ்பிட்ஃபயர் 1980-இல் தலைகாட்டியது. பறக்கும் நிலைக்கு வந்து, 2015-இல் 31 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது.

ஆனால் பறக்க வேண்டுமென்றால் அரித்த தகட்டை நம்ப முடியாது. பெரும்பாலும் புதிதாகத்தான் செய்கிறார்கள். பெயர்ப்பலகை பழையது, உடல் புதியது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது வேறு கைவேலை, வேறு மகிழ்ச்சி. நாம் முன்னே பேசிய மண்ணும் கிழிசலும் அதில் இருக்காது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

வெள்ளக்காரன் விமானத்தை நாம எதுக்குங்க தூக்கி வச்சுக் கும்பிடணும்?

கும்பிடச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் செய்தது, சரி; ஓட்டியது எல்லாம் அவன் இல்லை. 1944-இல் இம்பாலில் ஹரிக்கேன் பறந்த இந்திய விமானப்படையின் முதல் படைப்பிரிவுக்குத் தலைவர் அர்ஜன் சிங். பின்னாளில் 1965 போரில் விமானப்படைத் தளபதி அவர்தான். அதே இம்பாலில், தரையில் எதிர்ப்பக்கம், நேதாஜியின் படை நின்றது. அந்தப் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஒரே போரில் இரண்டு பக்கமும் நம் ஆள். பெயர்ப்பலகையில் இரண்டையும் எழுத வேண்டும், ஒன்றை எழுதி ஒன்றை மறைக்கக் கூடாது. டார்னியரை வைத்திருக்கிற பிரிட்டன்காரன் தன் ஊரில் குண்டு போட்ட விமானத்தைத்தானே வைத்திருக்கிறான்?

ஒரு துண்டு கெடைச்சு, அனுமதியும் வாங்கிட்டோம்னு வைங்க. பள்ளிக்கூட மண்டபத்துல எப்படி வைக்கறதுங்க?

ஈரம்தான் எதிரி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும்போது ஜன்னலோரத்தில் எதையும் வைக்காதீர்கள். மூடிய கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு ஈரமானி. 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் போதும். தாங்கியை எஃகில் செய்தால் இடையில் ரப்பரோ பாலித்தீன் நுரையோ வையுங்கள், காரணம் போல்ட் கதையில் சொன்னதுதான். புதுத் தேக்குப் பலகை, பிளைவுட் வேண்டாம். அவை விடுகிற அமில ஆவி மூடிய பெட்டிக்குள் ஈயத்தையும் துத்தநாகத்தையும் தின்னும். அளவி இருந்தால் கண்ணாடிக்குள் மட்டும், ரேடியம் சோதித்த பிறகு.

கிடைத்த இடத்தின் வரைபடத்தைப் பக்கத்திலேயே மாட்டுங்கள். துண்டைவிட அதைத்தான் பிள்ளைகள் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் நேர்ல எங்கங்க பாக்கறது?

டில்லியில் பாலம் என்கிற இடத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் இரண்டும் முழுதாக இருக்கின்றன. ஜப்பானின் தற்கொலை விமானம் ஓகாவும் உண்டு. சிதைவைப் பார்க்க அருணாச்சலத்தில் பாசிகாட். இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்குக் கொண்டுபோய் விழுந்த விமானங்களின் துண்டுகளுக்கென்று 2023-இல் அங்கே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். பெரும்பாலும் போக்குவரத்து விமானங்கள்தான், ஆனால் தகடு எப்படிக் கிழியும் என்று கிட்டத்தில் பார்க்கலாம். டில்லிக்குக் கோயமுத்தூரிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. பாசிகாட்டுக்கு அசாம்வரை போய் அங்கிருந்து வண்டி மாற வேண்டும்.